ராணி பிங்க்குக்குக் கிளிப்பச்சை போடலாமா?

உடைக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: மதுரையில் தையல் கடை நடத்தும் உங்கள் அக்கா

வாசகி, திருநெல்வேலி: நான் பள்ளி ஆசிரியை. பீரோ முழுக்க க்ரீம், சந்தனம், வெளிர் நீலம்தான். ஆசைப்பட்டு ராணி பிங்க் குர்த்தியும் கிளிப்பச்சை லெகிங்ஸும் எடுத்தேன். போட்டால் கண்ணை உறுத்துகிறது. இந்த இரண்டும் சேரவே சேராதா அக்கா?

சேரும். வீட்டில் யாருடைய கல்யாணப் பட்டுப் புடவையையாவது பிரித்துப் பாருங்கள். மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு, ராணி பிங்க்குக்கு இதே பச்சை என்று பார்டர் இருக்கும். அதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவைக்கு உடலுக்கு ஒரு நாடா (தறியில் குறுக்கு நூலை ஓட்டும் கட்டை), இரண்டு கரைக்கும் ஆளுக்கொன்று என்று மூன்று நாடா ஓட்டுவார்கள். ஒரு நிறம் இன்னொன்றில் கலக்காமல் வெட்டி வைத்ததுபோல் நிற்பதற்குத்தான் அத்தனை பாடு. அதில் உடல் அகலம், கரை குறுகல். உங்கள் உடையிலோ மேலே பாதி பிங்க், கீழே பாதி பச்சை. சரிக்குச் சரி நின்றால் சண்டைதான்.

பிங்க் குர்த்திக்குக் கருநீல பேன்ட் போட்டு, துப்பட்டாவை மட்டும் பச்சையில் எடுங்கள். அதுவும் அதிகம் என்று தோன்றினால் கழுத்திலும் கை முனையிலும் மெல்லிய பச்சை பைப்பிங் வைக்கச் சொல்லுங்கள். பச்சை லெகிங்ஸ் வீணாகாது. முட்டிக்குக் கீழே நன்றாக இறங்கும் கருநீலக் குர்த்திக்குப் போட்டால் ஒரு சாண்தான் வெளியே தெரியும், எடுப்பாக இருக்கும். (எதற்கெடுத்தாலும் ஸ்கின் கலர் லெகிங்ஸ் வாங்குகிறார்களே, அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.)

இரண்டு நிறமும் ஒரே அழுத்தத்தில் இருக்கட்டும். ராணி பிங்க் பக்கத்தில் பிஸ்தா பச்சையை வைத்தால் பிஸ்தா வெளுத்துப்போன துணியாகத் தெரியும். பாரிஸில் கோப்லேன் என்ற சித்திரத் திரை நெய்யும் கூடத்தின் சாயப் பட்டறையைக் கவனித்துவந்த செவ்ரூல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்ததாம். ஆராய்ந்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியிருக்கிறது. 1839-ல் அதையெல்லாம் புத்தகமாகவே எழுதிவிட்டார். நம் ஜவுளிக்கடை அண்ணன்கள் பிளவுஸ் பிட்டைப் புடவை மேல் விரித்துப்போட்டு, ‘இப்பப் பாருங்க’ என்பதும் இதற்காகத்தான்.

வாசகி, கும்பகோணம்: அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்ட செட்டிநாட்டுக் கண்டாங்கிக்கு மேட்சிங் சென்டரில் ராத்திரி அரக்கு பிட் எடுத்தேன். காலையில் பார்த்தால் அது வேறு அரக்கு!

கடை விளக்கின் வேலை. பிட்டையும் புடவையையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்து எடுக்க வேண்டும். போனில் போட்டோ காட்டி எடுப்பது அதைவிட மோசம். சரி, கண்டாங்கிக்கு மேட்சிங் எதற்கு? கட்டத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். பெரிய பட்டைகளுக்கு நடுவில் கறுப்போ பச்சையோ இழை மாதிரி ஒரு கோடு ஓடினால், அந்த நிறத்தில் ப்ளைனாக ஒரு டூ பை டூ பிட் எடுங்கள். கோடே இல்லையா? கறுப்பு எடுங்கள், தைரியமாக.

வாசகி, சேலம்: நான் கறுப்பு. மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் எனக்கு எடுக்காது என்கிறாள் அம்மா.

அம்மாவிடம் ஒரு கடுகு மஞ்சள் புடவையைக் கொடுத்து உங்கள் தோளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மிளகாய்ப்பழச் சிவப்பும் மயில் கழுத்து நிறமும்கூட உங்களுக்குத்தான் நன்றாக எடுக்கும். சாம்பல் பூத்த வெளிர் நிறங்களைத்தான் கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டும்.

வாசகர், ஈரோடு: ஆரஞ்சுச் சட்டை போட்டுப் போனால் ஆபீஸில் ‘ராமராஜன் வந்துட்டார்’ என்கிறார்கள்.

சொல்லிவிட்டுப் போகட்டும். உங்கள் சட்டை மினுமினுக்கும் துணியா? அதே ஆரஞ்சை மினுக்கமில்லாத காட்டனிலோ லினனிலோ எடுத்து, கருநீல பேன்ட்டுக்குள் விட்டுப் பாருங்கள். க்ரீம் பேன்ட் வேண்டாம், வெளுப்புக்குப் பக்கத்தில் ஆரஞ்சு இன்னும் கத்தும். வேட்டிக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது, எந்தச் சட்டையையும் அது தாங்கும்.

வாசகி, தேனி: மஞ்சள் சுடிதாருக்குச் சிவப்புப் பட்டி வைத்துத் தைத்தேன். முதல் துவையலிலேயே சிவப்பு இறங்கிவிட்டது.

தைப்பதற்கு முன்பே இரண்டையும் தனித்தனி வாளியில் சூடாக்காத வெறும் தண்ணீரில் ஊறவைத்திருக்க வேண்டும். காட்டன் சுருங்குவதும் அப்போதே முடிந்துவிடும். சிவப்புத் துணியின் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், கறை ஒட்டினால் அது பட்டிக்கு ஆகாது. இப்போது செய்ய வேண்டியது: காயவிடாமல் மறுபடி நிறையத் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசுங்கள். ஒருமுறை அயர்ன் செய்துவிட்டால் கறையை எடுப்பது ரொம்பக் கஷ்டம். அப்புறம், டெய்லரிடம் பட்டியைப் பிரித்துக் கரும்பச்சையில் மாற்றித் தரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அந்தப் பச்சையையும் நனைத்துப் பார்த்துவிடுங்கள்!