ஓடும்போது மயங்கி விழும் பிள்ளை: டாக்டரம்மாவிடம் சில கேள்விகள்

மதுரையில் குழந்தைகளுக்கு இதய வைத்தியம் பார்க்கிறேன். பரம்பரையாக வரும் துடிப்புக் கோளாறு பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

மேலூரிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு ஒன்பது வயசு. கிணத்துல நீந்தும்போது நினைவு தப்பிருச்சு, அவுக அப்பா தூக்கிட்டாரு. வலிப்புன்னு ஆறு மாசமா மாத்திரை குடுக்குறோம். போன வாரம் பள்ளிக்கூடப் பந்தயத்துல மறுபடியும் விழுந்துட்டான்.

அம்மா, வலிப்பாகவும் இருக்கலாம். ஆனால் நீந்தும்போதும் ஓடும்போதும் விழுந்தான் என்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். லாங் க்யூடி என்ற பரம்பரைத் துடிப்புக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு இதற்கு நேரம் கூடுதலாகும். அந்த நேரம் பார்த்து, ஓட்டத்திலும் பதற்றத்திலும் சுரக்கும் அட்ரினலின் பாய்ந்தால் துடிப்பு தறிகெட்டு, மூளைக்கு ரத்தம் போகாது. பிள்ளை சாய்ந்துவிடும், கைகால் வெட்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வலிப்பேதான்.

இப்படி இரண்டு வருஷம் வலிப்பு மாத்திரை சாப்பிட்ட ஒரு சிறுமி என்னிடம் வந்தாள். அதுவரை யாரும் ஈசிஜி எடுக்கவில்லை. அந்தத் தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட். துடிப்பு தொடங்கி மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்பும்வரை உள்ள நேரத்தை ஸ்கேலை வைத்து எண்ணி, துடிப்பு வேகத்துக்குத் தக்கபடி கணக்குப் போட்டேன். 510 மில்லி செகண்ட் வந்தது. 460ஐத் தாண்டினாலே நாங்கள் யோசிப்போம். எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

உங்கள் மகனுக்கு உடனே ஈசிஜி எடுங்கள். மெஷின் அச்சடிக்கும் எண்ணோடு விடாமல், டாக்டரைக் கையாலும் அளக்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தாலும் டிரெட்மில் பரிசோதனை தேவைப்படலாம். ஓடும்போதோ பதறும்போதோ மட்டும் துடிப்பு கெடும் சிபிவிடி என்ற கோளாறில், படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி ஒன்றும் காட்டாது. முடிவு தெரியும்வரை கிணறும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தகப்பனார்: மகளுக்கு லாங் க்யூடின்னு உறுதியாயிருச்சு. ப்ரோப்ரனலால் மாத்திரை எத்தனை நாளைக்கு?

அட்ரினலின் வேகத்தை அடக்கும் மருந்து அது, பெரும்பாலும் ஆயுசுக்கும் ஐயா. மயக்கம் வரவில்லை என்பதற்காக நிறுத்தினால், அந்த நாட்களில்தான் ஆபத்து. எடை ஏற ஏற டோஸையும் மாற்ற வேண்டும். இளைப்பு (ஆஸ்துமா) இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளையை இந்த மருந்தோடு பட்டினி போடக்கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே கூட்டி வாருங்கள், பொட்டாசியம் குறைந்தால் துடிப்பு கெடும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் கிருமி மருந்து அசித்ரோமைசின், வாந்தி மருந்துகள் ஒன்டான்செட்ரான், டோம்பெரிடோன் இவளுக்கு ஆகாது. இந்தப் பெயர்களை ஒரு அட்டையில் எழுதி அவள் பையிலேயே வையுங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து ஒரு பாட்டி: மகளைத் தாய்மாமனுக்கே கட்டிக் குடுத்தோம். பேரனுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. இப்ப மயக்கமும் வருது. நாங்க செஞ்ச தப்பா தாயி?

தப்பு யாருடையதும் இல்லை பாட்டி. லாங் க்யூடி பெரும்பாலும் தாய், தகப்பன் ஒருவரிடமிருந்தே வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காது கேளாமையோடு வரும் வகை வேறு. 1957இல் நார்வே மருத்துவர்கள் யெர்வெல், லாங்கே நீல்சன் இருவரும் அதை எழுதினார்கள். அது வர இரண்டு பேரிடமும் அந்த மரபணு இருக்க வேண்டும், சொந்தத்தில் கட்டும்போது அதற்கு வாய்ப்பு கூடும். பேரனை இந்த வாரமே கூட்டி வாருங்கள். மயக்கம் வராவிட்டாலும், பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு ஒரு ஈசிஜி எடுத்தே ஆகவேண்டும், காது கேட்க உள்ளே கருவி வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷனுக்கு முன்னால் கட்டாயம்.

திருமங்கலத்திலிருந்து ஒரு பி.டி. வாத்தியார்: மைதானத்துல விழுந்தா என்ன செய்யட்டும்?

சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் 108ஐக் கூப்பிடட்டும். நீங்கள் நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்காதீர்கள்.

செல்லூரிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு லாங் க்யூடி இருக்கு. அழகர் ஆத்துல இறங்குறதைப் பார்க்க அவளைக் கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. வேட்டுப் போடும் இடத்தை மட்டும் விட்டுத் தள்ளி நில்லுங்கள். லாங் க்யூடியில் இரண்டாம் வகைக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது, தூங்கும் அறையில் அலாரமும் வேண்டாம். மாத்திரையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

அதே தாய்: அவ தம்பி நல்லாத்தானே இருக்கான், அவனுக்கும் ஈசிஜி எடுக்கணுமா?

எடுக்கணும் அம்மா. உங்களுக்கும், அவன் அப்பாவுக்கும் கூட. பழைய ஈசிஜி தாள்கள் இருந்தால் மங்கிப்போகும் முன்னே போட்டோ எடுத்து வையுங்கள்.