நாபாவில் ஒரு நாள்: நாலு ஒயினரி புக் பண்ணியவர்களுக்கு

ஊரிலிருந்து யார் வந்தாலும், கலிபோர்னியாவில் ஒயினுக்குப் பேர்போன நாபா பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போகிற பொறுப்பு எங்கள் வீட்டில் என் தலையில்தான் விழும். அதனால் இந்த வாரக் கேள்விகளும் என்னிடமே வந்துவிட்டன.

அடுத்த சனிக்கிழமை போகிறோம், மூன்று ஜோடி. 10, 12, 2, 4 மணி என்று நாலு ஒயினரி (ஒயின் தயாரிக்கிற இடம்) புக் பண்ணியாச்சு. சரியா வருமா?

வராது. இரண்டை இப்போதே கேன்சல் செய்யுங்கள்.

ஒரு டேஸ்டிங், அதாவது உட்கார்ந்து ஒயின்களை ருசி பார்ப்பது, ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஊற்றுகிறவர் கதை சொல்லத் தெரிந்தவர் என்றால் ஒன்றரை மணி. ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லி என்று ஐந்து ஒயின் ஊற்றினால் 150 மில்லி, அதாவது முழுசாக ஒரு கிளாஸ். நாலு இடத்தில் நாலு கிளாஸ். அதற்கும் முன்னால் நாக்கு கை விட்டுவிடும். நாபாவின் பேர்பெற்ற சரக்கு கேபர்னே சோவின்யோன் என்ற திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின். அந்தத் திராட்சைத் தோலில் துவர்ப்பு அதிகம். நாவல்பழம் பத்தைத் தொடர்ந்து தின்றபின் மாம்பழ ருசி தெரியுமா? அதே கதைதான்.

முதல் தடவை சித்தப்பா பசங்களோடு நானும் நாலு இடம் போனேன். மூன்றாவது இடத்தில், "இந்த மூன்றில் என்ன வித்தியாசம் தெரிகிறது?" என்று கேட்டார்கள். தம்பி ரொம்ப யோசித்துவிட்டு, "மூணுமே சிவப்பு" என்றான். நாலாவது இடத்தில் என்ன குடித்தோம் என்று எங்கள் யாருக்கும் நினைவில்லை. பணம் கட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்போ எந்த இரண்டு?

எனக்குப் பிடித்த ஜோடியைச் சொல்கிறேன். 1976 மே மாதம் பாரிஸில் ஒரு போட்டி நடந்தது. பாட்டிலில் இருந்த பெயரை மறைத்து, பிரெஞ்சு நடுவர்களுக்கே பிரெஞ்சு ஒயினையும் கலிபோர்னியா ஒயினையும் ஊற்றிக் கொடுத்தார் ஒயின் வியாபாரி ஸ்டீவன் ஸ்பரியர். வெள்ளையில் முதலிடம் சாட்டோ மான்டெலினாவின் 1973 சார்டனே. சிவப்பில் முதலிடம் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973 கேபர்னே. நாபாவை உலகம் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மான்டெலினா பள்ளத்தாக்கின் வடகோடியில், கலிஸ்டோகா பக்கம். 1882-ல் தொடங்கிய இடம். கொடி படர்ந்த கல் கட்டடம், முன்னால் ஏரி. ஸ்டாக்ஸ் லீப் தெற்கே, நாபா ஊருக்குக் கிட்ட. காலை 11 மணிக்கு வடக்கே வெள்ளையில் ஆரம்பியுங்கள். நடுவில் செயின்ட் ஹெலீனாவில் நிதானமாகச் சாப்பாடு. இரண்டரை மணிக்குத் தெற்கே வந்து சிவப்பு. தூரத்தில் தொடங்கி வீட்டைப் பார்த்து வருவது எப்போதும் நல்லது. சாயங்காலக் களைப்பில் ஓட்ட வேண்டிய தூரம் குறைவு.

ஒரு எச்சரிக்கை. ஸ்டாக்ஸ் லீப் என்ற பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிறுவனங்கள் உண்டு. ஒன்று "ஒயின் செல்லர்ஸ்", இன்னொன்று "ஒயினரி". மற்றபடி, ஆங்கிலத்தில் "ஸ்டாக்ஸ்" எழுதும்போது மேலே போடும் குறி (apostrophe) எஸ்ஸுக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் வித்தியாசம்! கூகுள் மேப்பில் முழுப் பெயரையும் பார்த்து அழுத்துங்கள்.

எந்த ரோடு?

29-ஆம் நெடுஞ்சாலை கூகுளுக்குப் பிடிக்கும், சனிக்கிழமை மதியம் உங்களுக்குப் பிடிக்காது. செயின்ட் ஹெலீனாவில் வண்டி ஊர்ந்து போகும். கிழக்கே அதற்கு இணையாக ஓடும் சில்வராடோ டிரெயிலில் வாருங்கள். இரண்டு பக்கமும் கொடித்தோட்டம், சிக்னல் குறைவு.

யார் ஓட்டுவது? எல்லோருமே ருசி பார்க்க ஆசைப்படுகிறோம்.

டிரைவர் வையுங்கள். உங்கள் காரையே மணிக்கணக்குக்கு ஓட்டித் தருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆறு பேர் பிரித்துக்கொண்டால் பாரம் தெரியாது. ஊபரை நம்பிப் போனால் நாபா ஊருக்குள் சரி, கலிஸ்டோகா பக்கம் சாயங்காலம் காத்துக் கிடக்க வேண்டிவரும்.

துப்பிவிட்டு ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: மேஜையில் ஒரு பாத்திரம் இருக்கும், அது துப்பவும் மிச்சத்தைக் கொட்டவும்தான். அதில் துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், தொழில்காரர்களே துப்புகிறார்கள். ஆனால் பழக்கமில்லாதவர் முக்கால்வாசியை விழுங்கிவிடுவார். திறந்த பாட்டில் மிச்சம் இருந்தால் டிக்கிக்குள் வைக்க வேண்டும். சீட்டில் வைத்தால் போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

மாமனார், மாமியார், ஆறு வயசுப் பையன் கூட வருகிறார்கள். மூவரும் குடிக்க மாட்டார்கள். பாவம், என்ன செய்வார்கள்?

அப்படியென்றால் மேலே சொன்ன ஜோடியை மறந்துவிடுங்கள். கலிஸ்டோகா அருகே காஸ்டெல்லோ டி அமோரோசா என்று ஒரு கோட்டை இருக்கிறது. இத்தாலியின் 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டை மாதிரி கட்டி, 2007-ல் திறந்தார்கள். அகழி, தூக்குப் பாலம், சித்திரவதை அறைகூட உண்டு. குழந்தைகளை அனுமதிப்பார்கள், அவர்களுக்குத் திராட்சை ஜூஸ். ஒயின் ரசிகர்கள் இதைக் கேலி செய்வார்கள். செய்யட்டும், மாமனார் ஃபோட்டோ எடுத்து மாளாது. அங்கிருந்து சில நிமிடத்தில் வெந்நீர் ஊற்று ஒன்று, ஓல்ட் ஃபெய்த்ஃபுல் கைசர். தரையிலிருந்து பீய்ச்சி அடிக்கும், பையனுக்கு அது போதும்.

இந்தக் கோஷ்டிக்கு அந்த ஒரு ஒயினரியோடு நிறுத்துங்கள். வேறு இடம் எதற்காவது போவதானால் குழந்தைகளுக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுப் புக் செய்யுங்கள், பல இடங்களில் 21 வயதுக்குக் கீழே உள்ளே விடமாட்டார்கள்.

புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?

காரில் வையுங்கள், ஏதாவது பார்க்கில் சாப்பிடுங்கள். பெரும்பாலான ஒயினரிகள் வெளிச் சாப்பாட்டை விடுவதில்லை. அதைவிட, டேஸ்டிங்குக்கு முன்னால் காரம் வேண்டாம். காரம் பட்ட நாக்கில் கேபர்னே இன்னும் எரியும். புளியோதரை வீடு திரும்பியபின், கொஞ்சம் இனிப்பு உள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினோடு. பொருத்தம் பிரமாதம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: அன்றைக்கு மட்டும் தலையில் மல்லிகைப்பூவும் சென்ட்டும் வேண்டாம். ஒயினில் பாதி ருசி மூக்கில்தான் இருக்கிறது. பக்கத்து மேஜைக்காரர் கிளாஸிலும் மல்லிகைதான் மணக்கும்.

ஒயின் சைவம்தானே?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. திராட்சை சைவம்தான், ஆனால் தெளிய வைக்கும் முறையில் விஷயம் இருக்கிறது. நம் ஊரில் கலங்கிய தண்ணீர்ப் பானையில் தேத்தாங்கொட்டையை உரைப்பார்களே, அழுக்கை இழுத்துக்கொண்டு அடியில் படியும், அதே வேலைக்கு ஒயினில் முட்டை வெள்ளைக்கரு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருள், பால் புரதம், ஜெலட்டின் போடுவதுண்டு. சிலர் பென்டோனைட் என்ற களிமண் போடுகிறார்கள், சிலர் எதுவுமே போடுவதில்லை. வண்டலை நீக்கித்தான் பாட்டிலில் அடைப்பார்கள். இருந்தாலும் அம்மாவுக்கு வாங்குகிறவர்கள், "ஃபைனிங்குக்கு (தெளிய வைக்க) என்ன போட்டீர்கள்?" என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்வார்கள்.

செலவு?

ஒருவருக்கு ஒரு இடத்தில் 40 முதல் 75 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நூறைத் தாண்டுகிற இடங்களும் உண்டு. பாட்டில் வாங்கினால் சில இடங்களில் டேஸ்டிங் கட்டணத்தைக் கழிப்பார்கள், உட்காரும்போதே கேளுங்கள். கடைசியில் "கிளப்பில் சேருங்கள்" என்று ஒரு தாள் நீட்டுவார்கள், அவ்வப்போது பாட்டில் அனுப்பிப் பணம் பிடிக்கிற திட்டம் அது. இரண்டாவது கிளாஸ் முடிந்த நிலையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அறுவடை. புளிக்கும் திராட்சையின் வாசம் ரோட்டிலேயே அடிக்கும், கூட்டமும் விலையும் அப்போதுதான் உச்சம். எனக்குப் பிடித்தது பிப்ரவரி: மொட்டைக் கொடிகளுக்கு நடுவே கடுகு மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், ஊற்றுகிறவருக்கும் பேச நேரம் இருக்கும். சனிக்கிழமையைத் தவிர்த்தால் எந்த மாதமும் சரி.

வாங்கிய பாட்டிலை எப்படிக் கொண்டுவருவது? சென்னைக்கும் இரண்டு மூன்று கொண்டுபோக வேண்டும்.

முதலில் கார். ஒரு ஆகஸ்டில் ஆறு பாட்டிலை டிக்கியில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் இரண்டில் கார்க் மேலே எழும்பி, கழுத்தெல்லாம் பிசுபிசு. வீட்டில் திறந்து பார்த்தால் வேகவைத்த திராட்சை வாடை. அதிலிருந்து ஐஸ் பெட்டி இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

சென்னைக்கு: வரியில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர் வரை. ஒரு பாட்டில் 750 மில்லி. இரண்டு போகலாம், மூன்றாவது கால் லிட்டர் மீறும், அதை மனைவி கணக்கில் எழுதுங்கள். செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பழைய வேட்டியை நாலு சுற்றுச் சுற்றி, பெட்டி நடுவில், சுற்றிலும் துணி. வெள்ளைச் சட்டைகளை மட்டும் வேறு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.