சென்னையில் வசதியான தெருவுக்கும் குப்பத்துக்கும் உள்ள இடைவெளி பற்றிக் கிறிஸ்தவ விசுவாசம் என்ன சொல்கிறது?

ஏழைக்கு உதவு என்பதோடு அது நிற்பதில்லை. லூக்கா 16-இல் இயேசு சொல்லும் கதையில் பணக்காரன் லாசருவை அடிக்கவில்லை, விரட்டவும் இல்லை. தன் வாசலில் பசியோடு கிடந்தவனைக் கண்டுகொள்ளவில்லை, அதுதான் குற்றம்.

சரி, சென்னையில் அந்த வாசல் எங்கே? பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் இருக்கிறது. சாந்தோம் பேராலயத்துக்குப் பக்கத்திலும் மீனவர் குடியிருப்புகள்தான். அங்கே லாசரு கண்ணிலாவது படுகிறார். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள பெரும்பாக்கம் மறுகுடியேற்றக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவர்களோ வாசலிலிருந்தே அகற்றப்பட்டவர்கள். எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அவர்களுக்கு கேக் கொடுத்தால் போதாது. பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் அவர்கள் எழுதும் மனுவில் நம் சபைகளும் கையெழுத்துப் போட வேண்டும்.