பாத் மாறியில் உள்ள அடைவுகளைச் சரிபார்த்தல்

கேள்வி: கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் சூழல் மாறியில் குறிப்பிடப்பட்டுள்ள அடைவுகள் உண்மையில் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு, உபுண்டு லினக்ஸில் சீ மொழியில் ஒரு செய்நிரல் எழுதினேன். கெட்என்வ் தந்த சரத்தை ஸ்ட்ர்டொக் கொண்டு முக்காற்புள்ளிகளில் பிரித்து, ஒவ்வொன்றையும் அக்சஸ் மூலம் சோதிக்கிறேன். எல்லாம் இருப்பதாகவே விடை வருகிறது. ஆனால் அதன் பின்னர் அதே செய்நிரலில் சிஸ்டம் மூலம், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அழைத்தால், அப்படியொரு கட்டளை இல்லை என்கிறது. காரணம் என்ன?
— வாசகி ஒருவர், வெள்ளவத்தை, கொழும்பு 06

பதில்: எல்எஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது; அதைத் தேடிச் செல்லும் வழியை உங்கள் செய்நிரலே துண்டித்துவிட்டது. கெட்என்வ் தருவது பாத் மாறியின் பிரதியன்று, செய்நிரலின் சூழலில் உள்ள அதே சரத்தின் நினைவக முகவரியைக் காட்டும் சுட்டியாகும். ஸ்ட்ர்டொக்கோ தனக்குக் கிடைத்த சரத்தை வாசிப்பதோடு நிற்பதில்லை. துண்டின் முடிவிலுள்ள முக்காற்புள்ளியை அழித்து, சரம் முடிந்ததைக் குறிக்கும் சுழி எழுத்தை அவ்விடத்தில் எழுதிவிடும். ஆகவே முதலாவது முக்காற்புள்ளி அழிந்த கணமே பாத் என்பது ஒரேயோர் அடைவாகச் சுருங்கிவிடுகிறது. உபுண்டுவில் அது வழக்கமாக /யுஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின் ஆகும். எல்எஸ் அங்கே இல்லை. கட்டளையை இயக்குவதற்காக சிஸ்டம் தொடக்கிவைக்கும் ஷெல் இந்தச் சிதைந்த சூழலையே பெறுகிறது. கெட்என்வ் தரும் சரத்தைச் செய்நிரல் மாற்றக்கூடாது என்று சீ மொழியின் நியமமே விதித்திருக்கிறது. எனவே ஸ்ட்ர்டுப் கொண்டு பிரதியெடுத்து, அந்தப் பிரதியைப் பிரியுங்கள். மாறி வரையறுக்கப்படாதிருந்தால் கெட்என்வ் வெற்றுச் சுட்டியைத் தரும் என்பதால், பிரதியெடுக்க முன்னர் அதையும் சோதிக்க வேண்டும்.

“எல்லாம் இருக்கின்றன” என்ற விடையையும் நான் அப்படியே நம்பமாட்டேன். எஃப்_ஓகே உடன் அழைக்கப்படும் அக்சஸ், அந்தப் பெயரில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அது சாதாரணக் கோப்பாக இருந்தாலும் விடை அதுவே. கோப்பின் விவரங்களைத் தரும் ஸ்டாட் அழைப்பு வெற்றியின் அடையாளமாக 0 தந்த பின்னர், எஸ்_ஐஎஸ்டிஐஆர் மேக்ரோவினால், கோப்பின் வகையைச் சொல்லும் எஸ்டி_மோட் உறுப்பைச் சோதிப்பதே சரியான முறை. இங்கே எல்ஸ்டாட்டைப் பயன்படுத்த வேண்டாம்: அண்மைய உபுண்டு பதிப்புகளில் /பின் என்பது /யுஎஸ்ஆர்/பின் அடைவுக்கான குறியீட்டு இணைப்பு மட்டுமே என்பதால், இணைப்பைப் பின்தொடராத எல்ஸ்டாட் அதை அடைவல்ல என்று சொல்லிவிடும். ஸ்டாட் தோல்வியுற்றால் உடனே “இல்லை” என்று அச்சிடாமல், பிழையின் காரணத்தைச் சொல்லும் எர்நோவைப் பாருங்கள். ஈநோஎன்ட் என்றால் அப்படியொன்று இல்லை. ஈஅக்சஸ் என்றால் வழியிலுள்ள ஏதோவோர் அடைவைக் கடக்க உங்களுக்கு அனுமதியில்லை, அவ்வளவுதான்.



இனி, அடுத்தடுத்து வரும் இரண்டு முக்காற்புள்ளிகள். லினக்ஸில் அவற்றுக்கிடையிலான வெற்றிடம் நடப்பு அடைவைக் குறிக்கும். பாதுகாப்பு நோக்கில் முதலில் கண்டுபிடிக்க வேண்டியதும் அதுவே. ஸ்ட்ர்டொக் அதைச் சத்தமின்றித் தாண்டிச் சென்றுவிடும். சரத்தைப் பிரிக்கும் மற்றொரு செயற்கூறான ஸ்ட்ர்செப் அதை வெற்றுச் சரமாகத் தரும். ஆனால் அது நீங்கள் கொடுத்த சுட்டியையே நகர்த்திக்கொண்டு போவதால், ஸ்ட்ர்டுப் தந்த முகவரியை வேறொரு சுட்டியில் வைத்திருந்து, இறுதியில் அதனையே ஃப்ரீ மூலம் விடுவியுங்கள்.