கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்குள் எந்த வழியாக நுழைவது?

கேள்வி: ஐயா, நான் கணக்கு வைத்திருக்கும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் (டிஜிட்டல் நாணயங்களை வாங்கி விற்கும் தளத்தின்) பெயரைக் கூகுளில் தேடி, மேலே முதலாவதாக வந்த இணைப்பைத் திறந்தேன். பக்கம் வழக்கம்போலவே இருந்தது. மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்ததும், கணக்கு முடக்கப்பட்டிருப்பதாகவும் உதவிக்கு ஓர் எண்ணை அழைக்கும்படியும் செய்தி வந்தது. சந்தேகப்பட்டு மூடிவிட்டேன். இருப்பு அப்படியே இருக்கிறது. இனி என்ன செய்ய வேண்டும்? (வாசகி, திருப்பூர்)

பதில்: அந்த எண்ணை அழைக்காமல் விட்டதால்தான் உங்கள் சேமிப்பு தப்பியிருக்கிறது. இருந்தாலும் கடவுச்சொல் வேறொருவர் கைக்குப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்றே கைப்பேசிச் செயலி வழியாக உள்ளே சென்று கடவுச்சொல்லை மாற்றுங்கள். உங்கள் கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுங்கள். அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் மின்னஞ்சலைத்தான் முதலில் மாற்ற வேண்டும். எக்ஸ்சேஞ்சின் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று யார் சொன்னாலும், புதிதாக அமைப்பதற்கான இணைப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தான் வந்து சேரும்.

தேடலில் மேலே வருவது பல நேரங்களில் விளம்பரம். எக்ஸ்சேஞ்சின் பெயரில் போலிப் பக்கம் அமைத்தவரும் அந்த இடத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிட முடிகிறது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் போதும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அந்தப் பூட்டுக்கு, உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை நடுவில் ஒருவர் படிக்க முடியாது என்பது மட்டுமே பொருள்; அந்தத் தளம் யாருடையது என்பதை அது சொல்வதில்லை. மோசடித் தளங்களும் அதை இலவசமாகப் பெற்றுக்கொள்கின்றன. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்வதால்தான் குரோம் உலாவி 2023இல் அந்தச் சின்னத்தையே மாற்றிவிட்டது. முகவரியைக் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பதும் எப்போதும் உதவாது, ஏனெனில் ஆங்கில எழுத்தைப் போலவே தோன்றும் ரஷ்ய எழுத்துகளைக் கலந்தும் முகவரிகளைப் பதிவு செய்கிறார்கள்.

ஆகவே கணினியில் எக்ஸ்சேஞ்சைத் தேடிப் போகும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். சரியான முகவரியை ஒரே ஒரு முறை, நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் அதிகாரபூர்வச் செயலியில் உள்ள தகவலிலிருந்து எடுத்து, உலாவியில் புக்மார்க்காகச் சேமித்து, இனி அதன் வழியாக மட்டுமே உள்ளே செல்லுங்கள். கடவுச்சொல் மேலாண்மைச் செயலி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். சேமித்த முகவரியும் திறந்திருக்கும் முகவரியும் ஒத்துப்போனால்தான் அது கடவுச்சொல்லை நிரப்பும். வழக்கமாக நிரப்புவது ஒரு நாள் நிரப்பாமல் நின்றால், நீங்களாகத் தட்டச்சு செய்யாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சில எக்ஸ்சேஞ்சுகளில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு ரகசியச் சொல் அவர்களிடமிருந்து வரும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் இடம்பெறும்படி அமைக்கலாம். அந்த வசதி இருந்தால் அவசியம் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் கணக்கைத் திறக்கும்போது கைப்பேசிக்கு ஓடிபி வருகிறது. அந்தப் பாதுகாப்பு போதாதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: போதாது. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி உங்கள் சிம் அட்டையை நம்பியிருக்கிறது. உங்கள் பெயரில் போலி ஆவணம் காட்டி மாற்று சிம் வாங்கியவருக்கு அந்தச் செய்திகள் போய்விடும். கைப்பேசியில் காரணமில்லாமல் சிக்னல் முழுவதும் போய், நெடுநேரம் திரும்பாவிட்டால், வேறொரு எண்ணிலிருந்து உடனே தொலைபேசி நிறுவனத்தை அழைக்க வேண்டும்.

இதைவிட நல்லது ஆத்தென்டிகேட்டர் செயலி. அதில் 30 விநாடிக்கு ஒரு முறை மாறும் ஆறிலக்க எண் உங்கள் கைப்பேசிக்குள்ளேயே உருவாகிறது. சிம்முக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 முதல் அந்த எண்களை உருவாக்கும் ரகசியக் குறியீடுகளைக் கூகுள் கணக்கில் சேமித்துவைக்கும் வசதி வந்திருக்கிறது. அதை இயக்கியிருந்தால், உங்கள் கூகுள் கணக்கைக் கைப்பற்றியவர் எக்ஸ்சேஞ்சின் சாவியையும் கைப்பற்றிவிட வழி உண்டு.

இந்த ஆறிலக்க எண்ணிலும் ஒரு குறை இருக்கிறது. திருப்பூர் வாசகி பார்த்ததைப் போன்ற போலிப் பக்கம் அந்த எண்ணையும் கேட்டு வாங்கி, 30 விநாடிக்குள் உண்மையான தளத்தில் போட்டு உள்ளே நுழைந்துவிடும். இந்த வழியை அடைப்பது, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியின் விரல்ரேகை அல்லது திரைப்பூட்டைக் கொண்டு உள்ளே நுழையவிடும் பாஸ்கீயும், கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவியும்தான். அவை உருவாக்கப்பட்ட இணைய முகவரிக்கு மட்டுமே பதில் தருவதால், நீங்கள் ஏமாந்து போலிப் பக்கத்தில் நின்றாலும் அவை ஏமாறுவதில்லை. உங்கள் எக்ஸ்சேஞ்ச் பாஸ்கீயை ஏற்கிறது என்றால் இன்றே மாறிக்கொள்ளுங்கள். ஏற்கவில்லை என்றால் ஆத்தென்டிகேட்டரை வைத்து, மின்னஞ்சல் கணக்குக்காவது பாஸ்கீ அமையுங்கள்.

கேள்வி: டெலிகிராம் குழு ஒன்றில் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சின் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் கோப்பை) அனுப்பி, பிளே ஸ்டோரில் அது இந்தியாவுக்குக் கிடைக்காது, நாம் இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டுக்கொண்டு நிறுவுங்கள் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், மதுரை)

பதில்: செய்யாதீர்கள். ஏற்கெனவே நிறுவியிருந்தால் அந்தக் கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறக்காமல், தேவையான தகவலைப் பிரதி எடுத்துக்கொண்டு, கைப்பேசியை முழுமையாக அழித்துப் புதிதாக அமையுங்கள். இப்படி வரும் செயலிகள் பல, பார்வைக் குறைபாடு உள்ளோருக்காக ஆண்ட்ராய்டு தரும் அணுகல் அனுமதியைக் கேட்டு வாங்கி, திரையில் தெரிவதையெல்லாம் படித்து, உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களையும் அழுத்துகின்றன. ஐபோனிலும் சோதனைச் செயலிகளுக்கான டெஸ்ட்ஃபிளைட் வழியாகப் போலி கிரிப்டோ செயலிகளைப் புகுத்தியிருக்கிறார்கள்.

ஒரு எக்ஸ்சேஞ்ச் இந்தியாவில் கிடைக்காமல் இருப்பதற்குக் காரணம் இருக்கலாம். 2023 மார்ச் முதல் கிரிப்டோ நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அவை மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத 9 வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு அந்த ஆண்டு டிசம்பரில் நோட்டீஸ் அனுப்பப்பட்டது. 2024 ஜனவரியில் அவற்றின் செயலிகள் இங்கே பிளே ஸ்டோர் போன்ற செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றில் பைனான்ஸ், கூகாயின் ஆகியவை பின்னர் பதிவு செய்துகொண்டு திரும்பிவந்தன. பதிவு என்பது உங்கள் பணத்துக்கான உத்தரவாதம் ஆகாது. ஆனால் பதிவு இல்லாத இடத்தில் பணம் போனால், இங்கே யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கே பதில் இருக்காது. வரிச் சிக்கலும் தனியாக வரும்: லாபத்துக்கு 30 சதவீத வரியும், விற்கும்போது 1 சதவீதப் பிடித்தமும் 2022 முதல் நடைமுறையில் உள்ளன.

கேள்வி: வீட்டில் ஒரே மடிக்கணினி. மகன் விளையாட்டுகளைப் பதிவிறக்குகிறான், நான் அதிலேயே கிரிப்டோவையும் பார்க்கிறேன். ஆபத்தா? (வாசகர், திருச்சி)

பதில்: ஆபத்துதான், அதுவும் பலரும் எண்ணிப் பார்க்காத ஆபத்து. இலவசமாகக் கிடைக்கும் திருட்டு விளையாட்டுகளுடன் வரும் தீநிரல் (மால்வேர்), உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், நீங்கள் உள்ளே இருப்பதற்கு அடையாளமான குக்கீகளையும் சேர்த்தே எடுத்துச் செல்லும். குக்கீ கிடைத்தவருக்குக் கடவுச்சொல்லோ ஓடிபியோ தேவைப்படாமல் போகலாம்.

2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 4.4 கோடி டாலர் திருடப்பட்டது. ஊழியர் ஒருவரின் அலுவலக மடிக்கணினி வெளியாள் கொடுத்த பகுதிநேர வேலைக்குப் பயன்பட்டதாகவும், அதன் வழியாகத் தீநிரல் புகுந்ததாகவும் பெங்களூரு காவல் துறையின் விசாரணையில் கூறப்பட்டது. பாதுகாப்புக்கென்றே ஆட்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இது நேரும் என்றால், வீட்டுக் கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தனிக் கணினி வாங்க முடியாவிட்டால், மகனுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கு கொடுங்கள். எக்ஸ்சேஞ்சுக்கென நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) எதுவும் இல்லாத ஒரு தனி உலாவியை ஒதுக்குங்கள். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். உண்மையில் இந்த நிலையில் நான் கணினியைவிட, ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்ட கைப்பேசியையே பரிந்துரைப்பேன், ஏனெனில் கைப்பேசியில் ஒரு செயலி மற்றொன்றின் தகவலை எளிதில் தொட முடியாது.

நாணயத்தை வெளியே அனுப்பும்போது இன்னொரு கவனம் வேண்டும். நீங்கள் நகலெடுத்த முகவரியை, ஒட்டும் நேரத்தில் திருடனின் முகவரியாக மாற்றிவிடும் தீநிரல்கள் உண்டு. முதல் சில எழுத்துகளும் கடைசிச் சில எழுத்துகளும் ஒத்திருக்கும்படி போலி முகவரி உருவாக்கிப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் நுழைத்துவைப்பவர்களும் உண்டு. எனவே முகவரியின் நடுப்பகுதியையும் பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் அனுமதிக்கப்பட்ட முகவரிகளுக்கு மட்டும் அனுப்பும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். புதிய முகவரி சேர்த்தால் குறிப்பிட்ட நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் பெரும்பாலும் அதனுடன் வரும். கணக்குக்குள் யாரேனும் நுழைந்துவிட்டால்கூட, உங்களுக்குத் தெரியவந்து தடுப்பதற்கு அந்த நேரம் கிடைக்கும்.

கேள்வி: இவ்வளவும் செய்துவிட்டால் எக்ஸ்சேஞ்சிலேயே நாணயங்களை வைத்திருக்கலாம்தானே? (வாசகி, சென்னை)

பதில்: உங்கள் பக்கம் இருக்கும் கதவைத்தான் நீங்கள் பூட்டுகிறீர்கள்; எக்ஸ்சேஞ்சின் கதவு உங்கள் கையில் இல்லை. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் பறிபோனபோது, வாடிக்கையாளர்களின் கடவுச்சொல்லில் எந்தக் குறையும் இருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கள் நாணயங்களைத் தொட முடியாமல் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தொடுத்த வழக்கில்தான், கிரிப்டோ நாணயம் சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது.

வாங்கி விற்கத் தேவையான அளவை மட்டும் எக்ஸ்சேஞ்சில் வைத்து, நெடுங்காலத்துக்கானதை, சாவி உங்களிடமே இருக்கும் சொந்த வாலட்டுக்கு மாற்றுவது நல்லது. அப்படி மாற்றினால், அதை மீட்கும் 12 அல்லது 24 சொற்களைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள், படம் எடுக்காதீர்கள். கைப்பேசியில் உள்ள படங்களைத் தேடி இச்சொற்களைப் படித்தெடுக்கும் தீநிரல் பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த செயலிகளுக்குள்ளேயே இருந்ததாக 2025 பிப்ரவரியில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி கண்டறிந்தது.

கேள்வி: கணக்கிலிருந்து பணம் போய்விட்டது தெரிந்தால் முதலில் யாரிடம் சொல்வது? (வாசகர், சேலம்)

பதில்: செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதி வழியாக எக்ஸ்சேஞ்சிடம் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அந்த வேலை முடியும்வரை காத்திராமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். பரிவர்த்தனை எண், பெறுநரின் முகவரி, நேரம், வந்த மின்னஞ்சல்கள் ஆகியவற்றை அழிக்காமல் சேமித்துவையுங்கள். திருடிய நாணயம் வேறொரு எக்ஸ்சேஞ்சில் போய்ச் சேர்ந்திருந்தால், அங்கே அதை நிறுத்திவைக்கக் கேட்பதற்கு அந்தப் பரிவர்த்தனை எண்தான் காவல் துறைக்கு உதவும். சில நாட்கள் கழித்து, கட்டணம் கட்டினால் பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது அழைப்பார். அவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அந்த அழைப்பையும் அதே புகாரில் சேருங்கள்.