மூடி திறந்தது, மாத்திரை உள்ளே போனதா?

வணக்கம் சார். கோவையில் எலக்ட்ரானிக்ஸ் துறையில் வேலை செய்கிறேன். பாட்டி பிரஷர் மாத்திரையை அடிக்கடி மறந்துவிடுவதால் ஒரு ஸ்மார்ட் மாத்திரைப் பெட்டி செய்தேன். வைஃபை உள்ள இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு, 3டி பிரிண்ட் செய்த உடல். நேரத்துக்கு ஒலிக்கும், மூடியைத் திறந்தால் ‘மாத்திரை போட்டாச்சு’ என்று என் போனுக்குச் செய்தி வரும். ஆயிரம் பெட்டி செய்து விற்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். பிளாஸ்டிக் உடலை வார்க்கும் எஃகு அச்சுக்கு, அதாவது மோல்டுக்கு, பணம் போடலாமா?

பிரவீன்

அன்புள்ள பிரவீன்,

மோல்டு இப்போது வேண்டாம். முதலில் அந்தச் செய்தியை மாற்றுங்கள். உங்கள் பெட்டிக்குத் தெரிந்தது மூடி திறந்தது மட்டும்தான். பாட்டி மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போயிருக்கலாம். அதைவிடப் பயம் தருவது இன்னொன்று. மாத்திரை போட்டாயிற்று, கரண்ட் போய் வைஃபை நின்றதால் செய்தி வரவில்லை. நீங்கள் ஆபீசிலிருந்து கூப்பிட்டு “போடலையே பாட்டி” என்கிறீர்கள். அவர் இன்னொன்று போட்டுக்கொள்கிறார். பிரஷர் மாத்திரை என்றால் தலைசுற்றி விழலாம். சில சர்க்கரை மாத்திரைகள் என்றால் சர்க்கரை இறங்கி மயக்கமே வரும்.

மருத்துவ உபகரணங்களின் ஆபத்துகளைக் கணிப்பதற்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 14971 கேட்பது இதைத்தான்: எது எப்படித் தவறும், தவறினால் யாருக்கு என்ன ஆகும், தடுக்க என்ன செய்தீர்கள்? இதை உட்கார்ந்து எழுதினால் டிசைனே மாறும். ‘திறக்கவில்லை’, ‘தகவல் இல்லை’ இரண்டையும் ஆப் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அலாரம் வைஃபை இல்லாமலே ஒலிக்க வேண்டும். திறந்த நேரத்தைப் பெட்டியே நினைவில் வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்ப வேண்டும்.

விழுங்கியதையே கண்டுபிடித்தால் என்ன என்று தோன்றும். கலிஃபோர்னியாவின் புரோட்டியஸ் நிறுவனம் அதையும் செய்தது. மாத்திரைக்குள் செம்பும் மக்னீசியமும் கொண்ட துளியூண்டு சென்சார். வயிற்றுத் திரவம் பட்டதும் மின்சாரம் உண்டாகி, உடம்பில் ஒட்டிய பட்டைக்கு சிக்னல் போகும். அந்த சென்சார் வைத்த அபிலிஃபை மைசைட் என்ற மனநோய் மாத்திரைக்கு 2017 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்தது. நோயாளி ஒழுங்காக மருந்து எடுக்க இது உதவும் என்று நிரூபணமாகவில்லை என்பதும் லேபிளிலேயே இருந்தது. 2020 ஜூனில் புரோட்டியஸ் திவால் மனு கொடுத்தது.

எனக்கு மரியாதை அதிகம் 99டாட்ஸ் மேல்தான். பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் பிறந்தது. காசநோய் மாத்திரை அட்டைக்கு ஓர் உறை. மாத்திரையைப் பிதுக்கினால் மறைந்திருக்கும் போன் நம்பர் தெரியும், அதற்கு ஒரு மிஸ்டு கால். பேட்டரியும் இல்லை, மோல்டும் இல்லை. விழுங்கினாரா என்பது அதற்கும் தெரியாதுதான்!

அப்புறம் பேட்டரி. இஎஸ்பி32 வைஃபையில் அனுப்பும்போது 200 மில்லி ஆம்பியரைத் தாண்டும். பட்டன் செல்லால் அதைத் தர முடியாது. சராசரி 10 மைக்ரோ ஆம்பியரில் ஓடும் புளூடூத் சிப் என்றால், 220 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட சிஆர்2032 பட்டன் செல் காகிதக் கணக்கில் இரண்டரை வருடம் வரும். ஆனால் அப்போது பாட்டி பக்கத்தில் ஒரு போன் இருந்தாக வேண்டும். எது தோதுப்படும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சட்டம்: 2020 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் எல்லா மருத்துவ உபகரணங்களும் மருந்துச் சட்டத்துக்குள் வருகின்றன. என்ன வேலைக்கு என்று சொல்லி விற்கிறீர்களோ, அதை வைத்துத்தான் வகை. ஆகவே பெட்டிமேல் அச்சடிக்கும் வாசகத்தை விளம்பரக்காரரிடம் விடாதீர்கள்.

இதெல்லாம் முடிந்து மோல்டுக்குப் போகும்போது, 3டி பிரிண்டில் ஓடிய அதே வரைபடத்தைக் கொடுக்காதீர்கள். தடிமனான இடம் மெதுவாக ஆறிக் குழி விழும். செங்குத்துச் சுவருக்கு ஒன்றிரண்டு டிகிரி சரிவு இல்லாவிட்டால் பொருள் சுலபமாகக் கழன்று வராது. மோல்டின் எஃகை மேலும் செதுக்கி பிளாஸ்டிக்கைத் தடிமனாக்குவது எளிது. செதுக்கியதை நிரப்ப வெல்டிங் வைக்க வேண்டும். அதனால் மூடியின் பிடிப்பை முதலில் தளர்வாகவே விடச் சொல்லுங்கள். முதல் சாம்பிளை மூட்டுவலி உள்ள நாலைந்து பெரியவர்கள் திறந்து பார்த்த பிறகு இறுக்கிக்கொள்ளலாம்.