சிறுகுடலின் பெரும்பகுதியை அகற்றிய பிறகு டிஎஸ்ஹெச் (தைராய்டு ஹார்மோன் போதாதபோது ரத்தத்தில் கூடும் ஹார்மோன்) ஏறுகிறது. தைராய்டு மாத்திரையைக் கூட்டினால் போதுமா?

முதலில் மாத்திரை உடம்பில் சேருகிறதா என்று பாருங்கள். தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்ஸின் பெரும்பாலும் சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜூனத்திலும், கடைசிப் பகுதியான இலியத்தின் மேற்பகுதியிலும் உறிஞ்சப்படுகிறது. முழுக் குடல் உள்ளவருக்கே விழுங்கியதில் 60 முதல் 80 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். 200 சென்டிமீட்டருக்கும் குறைவான சிறுகுடல் மிஞ்சியவருக்கு (இதையே குறுங்குடல் என்பார்கள்) அதுவும் குறையலாம். ஸ்டோமா பை (வயிற்றில் போட்ட திறப்பு வழியாகக் குடல் கழிவைச் சேர்க்கும் பை) வைத்திருப்பவர் பையைக் காலி செய்யும்போது ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். வெள்ளை மாத்திரை பாதி கரைந்த நிலையில் அதில் கிடந்தால் விடை கிடைத்துவிட்டது.

குடலின் நீளம் மட்டுமே காரணம் அல்ல. அறுவைக்குப் பிறகு அமிலச் சுரப்பு கூடுவதால் பான்டோப்ரசோல் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். அமிலம் குறைந்தால் தைராக்ஸின் மாத்திரை சரியாகக் கரையாது. அதற்காகப் பான்டோப்ரசோலை நிறுத்திவிடாதீர்கள். தைராக்ஸின் திரவமாகவோ மென்கேப்சூலாகவோ கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால்சியம், இரும்பு, கொலஸ்டிரமின் (பித்த அமிலத்தைப் பிடிக்கும் மருந்து) மூன்றுக்கும் தைராக்ஸினுக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். காலையில் வசதிப்படாவிட்டால், இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்துத் தூங்கும் முன் போடலாம். இத்தனைக்கும் பிறகு டிஎஸ்ஹெச் இறங்காவிட்டால்தான் அளவைக் கூட்ட வேண்டும். தைராக்ஸினின் அரைவாழ்வு சுமார் 7 நாள். அதனால் 6 வாரத்துக்கு முன் மறுபரிசோதனை செய்வது வீண். வாய்வழி எதுவுமே சேராதவருக்கு ஊசி உண்டு. வாய்வழி அளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு போதும்.

டி3 (உடம்பில் நேரடியாகச் செயல்படும் தைராய்டு ஹார்மோன்) மட்டும் குறைந்து டிஎஸ்ஹெச் சரியாக இருந்தால் கதை வேறு. ஊட்டம் செலுத்தும் குழாயில் தொற்று, எடை இழப்பு, பட்டினி ஆகியவற்றின்போது உடம்பு தானே டி3-ஐக் குறைத்துக்கொள்ளும். அதற்குத் தைராக்ஸின் தரவே கூடாது. நோய் தணிந்த பிறகு மறுபடி பாருங்கள்.

நீண்ட காலம் நரம்புவழி (ரத்தக் குழாய் வழி) ஊட்டத்தில் இருப்பவருக்கு அயோடினையும் செலினியத்தையும் கேட்டுப் பாருங்கள். டி4-ஐ (தைராக்ஸினை) டி3 ஆக மாற்றும் நொதிகளுக்குச் செலினியம் வேண்டும். பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. ஒரு லிட்டர் உப்பு-சர்க்கரைக் கரைசலில் 3.5 கிராம் அயோடின் உப்பு போட்டால், கிராமுக்கு 15 மைக்ரோகிராம் கணக்கில் சுமார் 52 மைக்ரோகிராம் வரும். வயிற்றிலும் முன்சிறுகுடலிலுமே அயோடின் உறிஞ்சப்படுவதால் குறுங்குடலிலும் இது பயன்படும். நல்லது என்று நினைத்து அயோடின் சேர்க்காத இந்துப்பைப் போட்டுக் கரைப்பவர்கள் இதை இழக்கிறார்கள்.

முடி உதிர்வுக்காக 5, 10 மில்லிகிராம் பயோட்டின் எடுப்பவர்கள் பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். சில ஆய்வுக்கூட முறைகளில் அது டிஎஸ்ஹெச்சைப் பொய்யாக இறக்கி டி4-ஐப் பொய்யாக ஏற்றிக் காட்டும். அதை நம்பி அளவைக் குறைத்தால் நோயாளிதான் தவிப்பார்.

அளவைக் கூட்டிய சில வாரங்களில் பை நிரம்பும் வேகம் அதிகரித்தால், குடல் ஓட்டத்தை மெதுவாக்கும் லோப்பரமைடைக் கூட்டுவதற்கு முன் டிஎஸ்ஹெச் பாருங்கள். தைராய்டு மிகுந்தால் குடல் ஓட்டம் வேகமாகும். மிஞ்சிய குடல் மாதங்கள் போகப் போகப் பழகி நன்றாக உறிஞ்சத் தொடங்கும்போதும், குடலின் உறிஞ்சும் திறனைக் கூட்டும் டெடுகுளுடைடு ஊசி தொடங்கும்போதும் முன்பு சரியாக இருந்த அளவே மிகையாகிவிடலாம்.